கூட்டறிக்கையில் எழுதாத வரி

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்து அலுவலக அலுமாரியிலிருந்து ஒரு பழைய சி.ஆர். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முதுகில் ஒட்டியிருந்த சிவப்புத் துணியைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே முழுக்க என் கையெழுத்து. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக எட்டு வருடம் இருந்தேன். அந்த எட்டு வருடமும் கூட்டறிக்கை எழுதியது நான்தான். 2012 பெப்ரவரிக் கூட்டத்துக்குரிய பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "கட்டடத் தேவை பற்றிப் பெற்றோர் பலரும் கருத்துத் தெரிவித்தனர்." அந்த ஒரு வரிக்குள் நான் போட்டு மூடிய பேச்சை இப்போதாவது எழுதிவைக்க வேண்டும்.

மன்னார்த் தீவு நீண்டு ஒடுங்கிய நிலம். பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குப் போகிற வழியில், பேசாலையைத் தாண்டினால் பனையும் குடைபிடித்த மாதிரி நிற்கும் உடைமரமும் மணலும்தான். வடக்கே பாக்குநீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் ஊர் அந்தக் கரையோர ஊர்களில் ஒன்று. ஊரின் முதல் பள்ளிக்கூடத்தை ஊரே கட்டியது. மாதத்தில் ஒருநாள் பாடு பள்ளிக்கூடத்துக்கு என்று கோயிலில் வைத்து முடிவெடுத்தார்களாம். அன்றைக்கு வலையில் வந்த மீன் எல்லாம் விற்றுக் காசாகிப் பங்குச் சுவாமியின் கைக்குப் போகும். பனஞ்சிலாகை, சிப்பி சுட்ட சுண்ணாம்பு, கூரைக்கு ஓடு. எங்கள் அப்பப்பா ஓடு சுமந்த தோளைத் தொட்டுக் காட்டித்தான் இந்தக் கதையைச் சொல்வார்.

1960, 61இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. நாட்டின் கத்தோலிக்கப் பகுதிகள் பலவற்றில் பெற்றோர் பள்ளிகளுக்குள்ளேயே போய் இருந்து எதிர்த்தார்கள். எங்கள் ஊரிலும் அப்பா ஆட்கள் இரவிரவாக விறாந்தையில் படுத்தார்களாம். அரசாங்கம் எடுத்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் ஒரு கடற்தொழிலாளியின் மகள் ஆசிரியர் கலாசாலைக்குப் போயிருக்க முடியாது. ஆனால் ஒன்று மாறியது. அதற்கு முன்னம் ஓடு உடைந்தால் ஊர் ஏறிப் போடும். அதற்குப் பிறகு ஓடு உடைந்தால் கடிதம் போடவேண்டும்.

முதல் பெரிய கடிதத்தை எழுத வைத்தது 1964 டிசெம்பர்ப் புயல். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே இரவு இந்தக் கரையிலும் அடித்தது. பள்ளிக்கூடத்தின் கூரை முழுதும் போய்விட்டது. எனக்கு அப்போது இரண்டு வயது. மூன்று மாரி கழிந்த பிறகுதான் கூரை வந்தது என்று அம்மா சொல்வா. நான் முதலாம் வகுப்புக்குப் போனபோது அந்தப் புதுச் சீற்றின் கீழேதான் இருந்தேன். வெயில் ஏறினால் தலை இடிக்கும்; ஆனாலும் அது எங்களுக்குப் பெருமையான கூரை.

1990இல் நாங்கள் படகேறி இராமேஸ்வரம் போனோம். மண்டபம் முகாமில் மரத்தின் கீழ் பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தேன். அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியிலும் பள்ளிக்கூடங்கள் பிள்ளையில்லாமல் நின்றன. என்னோடு ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்த சிநேகிதி புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் படிப்பிக்கிறா என்று மண்டபத்தில் இருந்தபோது கேள்விப்பட்டேன். கடலுக்கு இந்தப் பக்கம் அவவும் அந்தப் பக்கம் நானுமாக, இரண்டு பேருமே கூரை இல்லாத ஆசிரியர்கள்.

1992இலிருந்து மூன்று வருடங்களில் இந்தியாவிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். நாங்களும் அதில் வந்தோம். பள்ளிக்கூடத்தின் சுவர் நின்றது. கதவு, யன்னல், சிலாகை ஒன்றும் இல்லை. கரும்பலகை இருந்த இடத்தில் அதன் அளவுக்கு ஒரு வெளிறிய சதுரம். கிடுகு வேய்ந்து தொடங்கினோம். தொண்டு நிறுவனம் ஒன்று தகரம் தந்தது. "தற்காலிகக் கொட்டகை" என்று பதிவேட்டில் எழுதினேன். அந்தத் தற்காலிகத்துக்குள் ஒரு தலைமுறை படித்து முடித்துப் போய்விட்டது.

போர் முடிந்தது. 2010 மார்ச்சில் மன்னாருக்குப் புதிய பாலம் திறந்தார்கள். பாலம் வந்தால் கல்லும் மண்ணும் வரும், கட்டடமும் வரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் 2012 பெப்ரவரிக் கூட்டம் கூடியது.

தகரக் கொட்டகைக்குள் நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஆண்கள் முன்னால் கதிரையில், பெண்கள் பின்னால் வாங்கில். இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேலே வெளி. கச்சான் காலத்தில் அந்த வெளியால் மணல் வந்து கொப்பிகளில் படியும். பிள்ளை எழுதுவதற்கு முன் உள்ளங்கையால் ஒருதரம் வழித்துவிட்டு எழுதும். அந்த வழிக்கிற பழக்கம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. வீட்டு மேசையில் வெறும் தாளை வைத்தாலும் ஒருதரம் வழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதிபர் தேவையை விளக்கினார். முதலாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை வகுப்புகள், அறை போதாது, இரண்டு வகுப்புக்கு நடுவே தட்டி வைத்து மறைத்திருக்கிறோம், ஒரு பக்கம் கணிதம் நடந்தால் மறுபக்கம் சமயம் கேட்காது. எண்பதடிக்கு இருபதடி ஒற்றைமாடிக் கட்டடம் ஒன்று கேட்கலாமா, மாடிக் கட்டடமே கேட்கலாமா என்பதுதான் கேள்வி.

ஊரின் பெரிய சம்மாட்டி எழும்பினார். "பக்கத்து ஊருக்கு மேல்மாடி வந்திட்டுது, சேர். நாங்க மட்டும் நிலத்தில இருக்கிறதா? கேக்கிறதெண்டா மாடியாக் கேப்பம்." கைதட்டினார்கள். பழைய மாணவன் ஒருவன் கணினி அறை வேண்டும் என்றான். அந்த வருடங்களில் நாடு முழுதும் தெரிவுசெய்யப்பட்ட இடைநிலைப் பாடசாலைகளுக்கு மகிந்தோதய ஆய்வுகூடம் வந்துகொண்டிருந்தது. எங்கள் பெயர் பட்டியலில் இல்லை. அதற்கு என்ன வழி என்று அரைமணித்தியாலம் போனது. முன்பக்கம் மதில் கட்டி வளைவு வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கழுதை உள்ளே வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். உண்மைதான், மன்னாரில் கழுதை வராத வளவு இல்லை.

அப்போதுதான் பின்வாங்கிலிருந்து ஒரு பெண் எழும்பினா. கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவ. வேலையிலிருந்து நேரே வந்திருந்தா. விரல் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆட்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

"ரீச்சர், மாடியைப் பிறகு கட்டுங்க. முதல்ல கக்கூசு கட்டுங்க. என்ட மகள் காலையில தண்ணி குடிக்காமத்தான் பள்ளிக்கூடம் வாறா. ஏனெண்டு கேட்டன். 'குடிச்சா போகணுமே அம்மா, அங்க எங்க போறது' எண்டு கேக்குறா. மற்ற நாளெண்டா சமாளிக்கிறா. மாசத்தில நாலு நாள் வீட்டில நிண்டிடுறா. நீங்க இடாப்பில பாருங்க, தெரியும்."

கொட்டகை அமைதியாகிவிட்டது. ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். எழுபதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு ஒரேயொரு மலசலகூடம். அதன் கதவுக்குக் கொண்டி இல்லை. வாளியில் கிணற்றுத் தண்ணீர் சுமந்துகொண்டு போகவேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியைகள் நாங்களே பக்கத்து வீட்டுக்குத்தான் போவோம். "அதையும் கவனிப்பம், அம்மா" என்று மேசைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் சொல்ல, பேச்சு மறுபடி மாடிக்குப் போய்விட்டது.

என் பேனா நின்றது. அடுத்த கூட்டத்தில் இந்த அறிக்கையை நான் எழும்பி நின்று வாசிக்க வேண்டும். சுவாமி இருப்பார், வலயத்திலிருந்து ஆள் வந்திருக்கும். மாதவிலக்கையும் மலசலகூடத்தையும் அவர்கள் முன்னால் எப்படி வாசிப்பது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "பெற்றோர் பலரும் கருத்துத் தெரிவித்தனர்" என்று எழுதினேன். பிறகு வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையின் வரவை நினைத்துப் பார்த்தேன். அவளுடைய வகுப்பாசிரியை நான். மாதத்துக்கு நாலு நாள், ஏறக்குறைய ஒரே ஒழுங்கில், நானே போட்ட பூச்சியங்கள்.

மாடிக் கட்டடம் கேட்கத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டறிக்கையின் பிரதியை இணைத்து விண்ணப்பம் அனுப்பினோம்.

சில மாதம் கழித்துக் கச்சேரியில் ஒரு கூட்டம். மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளிலிருந்தும், மன்னார், மடு என்ற இரண்டு கல்வி வலயங்களிலிருந்தும் ஆட்கள். எங்கள் அதிபருக்குச் சுகமில்லாததால் கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். பள்ளிக்கூடத்துக்குக் காசு எந்த வழியாக வருகிறது என்பதை அன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தோடு பாடசாலைகள் இரண்டாகப் பிரிந்தன: தேசிய பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். மன்னாரில் அநேகமான பள்ளிக்கூடங்கள் மாகாணத்துடையவை. மாகாணத்தின் கல்விக் காசில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடும். கட்டடத்துக்கு வருவது மாகாணத்துக்குக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடையில் ஒரு துண்டு. அதை நிதி ஆணைக்குழுவின் சிபாரிசோடு திறைசேரி விடவேண்டும். அதற்கு வெளியே பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டுக் கடன் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள். அந்தத் துண்டைச் சுற்றித்தான் இத்தனை ஊரும் கதிரை போட்டு இருந்தது.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் பெயர் வரும்போதும் ஒரே மூன்று கேள்வி. இடாப்பில் எத்தனை பிள்ளை? காணி யாருடைய பெயரில்? ஒரு வருடத்துக்குள் முடிக்கலாமா?

முசலிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு மீள்குடியேறியவர். அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடாப்பில் முப்பதுக்கும் குறைவு.

"இவ்வளவு பிள்ளைக்கு எப்படிக் கட்டடம் போடுறது? பிள்ளைகள் வந்த பிறகு பார்ப்பம்" என்று மேடையிலிருந்து சொன்னார்கள்.

"வந்து எங்க சேர் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். "காணி துப்பரவாக்க நாங்க வந்திட்டம். எங்கட பிள்ளைகளுக்குப் புத்தளத்தில கூரையுள்ள பள்ளிக்கூடம் இருக்கு. இங்க மரத்தடி. எந்தத் தாய் பிள்ளையை அங்கேயிருந்து எடுத்து இங்க விடுவா? பள்ளிக்கூடத்தைக் கட்டுங்க, இடாப்பு தானா நிறையும்."

இதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை. திரும்பி வந்த எந்த ஊருக்கும் பொருந்துகிற கேள்வி அது. 1992இல் மண்டபத்திலிருந்து வந்த எங்களுக்கும் பொருந்தியது. ஆனால் அவர் இருந்ததும் பின்னால் இருந்து ஒரு குரல், "அங்க முப்பது பிள்ளைக்குக் குடுத்தா இங்க முந்நூறு பிள்ளை என்ன செய்யிறது" என்றது. அது எங்கள் பக்கத்து ஆள். பிறகு தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தீவு, பெருநிலம், கோயிலை அண்டிய பள்ளிக்கூடம், அண்டாத பள்ளிக்கூடம் என்று பேச்சு பிளந்துகொண்டே போனது. எல்லோரும் பறிகொடுத்தவர்கள். ஒரு சிறு துண்டுக் காசுக்காகப் பறிகொடுத்தவர்களை ஒருவரோடொருவர் முட்டவிட்ட அந்தக் கச்சேரி மண்டபத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. துண்டு ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த வருடமே பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு ஒதுக்கிக்கொண்டிருந்தது 2 வீதத்தை ஒட்டித்தான். அந்தக் கணக்கைக் கச்சேரி மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைக்க எனக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை.

கூட்டம் கலைந்து தேத்தண்ணிக் கடையில் அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என் சிநேகிதியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். "அந்த ரீச்சர் எங்களோட திரும்பி வரேல்ல, தங்கச்சி. பிள்ளைகளெல்லாம் அங்கேயே கலியாணம் முடிச்சிட்டாங்க" என்றார். அவர் பிளேன்ரீக்கு நானும் என்னுடையதுக்கு அவரும் காசு கொடுக்கப் பார்த்தோம். கடைக்காரர் இரண்டு பேரிடமும் வாங்கவில்லை.

எங்களுக்குக் கட்டடம் கிடைத்தது. மாடி இல்லை, எண்பதுக்கு இருபது, ஒற்றைமாடி. ஒதுக்கீடு உறுதியாகி, கேள்விப்பத்திரம் கோரி, கொந்தராத்துக் கொடுத்து, அத்திவாரம் வெட்டியபோது 2013 செப்ரெம்பர் முடிந்துவிட்டது. மன்னாருக்கு மழை பெரும்பாலும் வருவது ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரைதான். காசு செலவழிக்க வேண்டிய கடைசி நாளும் டிசெம்பர் 31தான். முடிக்காவிட்டால் மிச்சம் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் மழைக்குள் அவதி அவதியாகக் கட்டினார்கள். அருவியாற்று மணல் பெருநிலத்திலிருந்து டிப்பரில் வந்தது. தண்ணீர் மட்டும் வளவுக் கிணற்றுத் தண்ணீர். நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். இதைக் கொங்கிறீற்றுக்கு ஊற்றலாமா என்று கேட்டேன். பவுசரில் நல்ல தண்ணீர் எடுக்க மதிப்பீட்டில் காசு இல்லை என்றார்கள். ஆறு வருடத்தில் யன்னலுக்கு மேலே உள்ள கொங்கிறீற் வெடித்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. 2022இல் அதைப் பூச ஆள் கூப்பிட்டபோது சீமெந்து மூட்டை 3,000 ரூபாவை நெருங்கியிருந்தது, அப்படியே விட்டோம்.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் தொழினுட்ப உத்தியோகத்தர் அளக்க வந்தார். மலசலகூடம் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டி என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்க அனுப்பின கூட்டறிக்கையில வகுப்பறை மட்டும்தானே இருக்கு, ரீச்சர். கேட்டிருந்தா இதோட சேர்த்து ரெண்டு அறை போட்டிருக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் அந்தப் பிள்ளை ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். மலசலகூடம் இல்லாததால் மட்டும் நின்றாள் என்று சொன்னால் அது பொய்யாகும். இந்திய இழுவைப்படகுகள் அறுத்த வலையால் தகப்பன் கடனில் இருந்தார், தாய்க்கு இடுப்புவருத்தம். ஆனால் மாதத்தில் நாலு நாள் பாடம் தப்புகிற பிள்ளை கணிதத்தில் பின்னுக்குப் போகும், பின்னுக்குப் போகிற பிள்ளையை வீட்டு வேலைக்கு நிறுத்துவது எந்தத் தாய்க்கும் லேசு. வாடிக்குப் போய்ப் பார்த்தேன். பாயில் சாளையைப் பரப்பிக்கொண்டு நின்றாள். "வாங்க ரீச்சர்" என்று சொல்லி, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எனக்கு ஒரு கதிரை தேடினாள். தாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

2016இல் அரசாங்கம் "அண்மையில் உள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்குள் எங்களையும் சேர்க்கச் சொல்லி மறுபடி கடிதம். பதில் வருவதற்குள் நான் சம்மாட்டியாரின் வீட்டுக்குப் போனேன். 2012இல் அந்தப் பெண் பேசியதை அவருக்கு முன்னால் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் தன் பேத்தியைப் பார்த்தார். "மாதத்தில ஒருநாள் பாடு எண்டு அப்பாக்கள் செய்தவங்க. நாங்களும் செய்வம்" என்றார். ஆறு மாதம் செய்தார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருந்த பழைய மாணவர்கள் மிச்சத்தை அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளுக்கு நாலு அறை, உள்ளே குழாய், கதவுக்குப் பித்தளைக் கொண்டி. கொண்டியை நானே பட்டினத்தில் பார்த்து வாங்கினேன்; இரும்பு என்றால் உப்புக்காற்று ஒரு வருடத்தில் தின்றுவிடும்.

ஊர்க்காசில் கட்டியதை நினைத்து இப்போதும் சந்தோஷப்படுகிறேன். ஆனாலும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குக் கடற்தொழிலாளி தன் பாட்டைக் கொடுத்துக் கக்கூசு கட்டவேண்டிய நிலை சரி என்று நான் சொல்லமாட்டேன்.

போன மாதம் நான் கொப்பியைப் பார்க்கப் போன அன்று அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருந்தது. பழைய மாணவி என்ற முறையில் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வெடித்த யன்னல் விட்டத்தைப் பற்றி, கூரைச் சீற்றைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் ஒரு தாய் எழும்பினா. குரலில் அடையாளம் பிடித்தேன். வாடியில் சாளை பரப்பிக்கொண்டு நின்றவள். இப்போது மகன் முதலாம் ஆண்டில். "குடிதண்ணிக் குழாய் உசரத்தில இருக்கு, சேர். பெரிய பிள்ளைகளுக்குத்தான் எட்டுது. சின்னதுகள் வாளியில வாய் வைக்குதுகள்" என்றாள்.

செயலாளராக இருக்கும் இளம் ஆசிரியை என் பக்கத்தில்தான் இருந்தா. மடிக்கணினியில் வேகமாக அடித்துக்கொண்டிருந்தா. நான் குனிந்து பார்த்தேன். "குடிநீர் வசதி குறித்துப் பெற்றோரால் கருத்துத் தெரிவிக்கப்பட்டது" என்று இருந்தது.

"அவ சொன்னதை அப்படியே எழுதுங்க மகள், பேரோட" என்றேன்.

"பேரும் வேணுமா, ரீச்சர்?"

"வேணும்."

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தா: குழாய் உயரம், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள், வாளி. நான் முழுதையும் வாசித்துப் பார்த்தேன். அதற்குள் மேசையில் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். மதில்.